மசில் பிரேக்கும் என்ர வலது தோளும்

துவக்கு வாங்கினதில ஒரு பிழையும் நடக்கேல்லை. சுட்ட அடுத்த நாளே கழுத்து அகட்டித் தைச்ச சட்டையைப் போட்டுக்கொண்டு சாமத்தியவீட்டுக்குப் போனதுதான் பிழை.

துவக்கின்ர கதையை முதலில சொல்லிப்போடுறன். இல்லாட்டி நீங்களும் அந்த மண்டபத்துச் சனம் மாதிரிக் கண்டதையும் நினைப்பியள். எனக்கு ஐம்பத்திநாலு வயசு. ஸ்காபரோவில வீடு, மிசிசாகாவில விமான நிலையத்துக்குப் பக்கத்தில ஒரு கார்கோ கொம்பனியில பேப்பர் வேலை. பிள்ளையள் ரெண்டும் தனியப் போட்டினம். என்னோட வேலை செய்யிற வெள்ளைக்காரி ஒருத்தி மான் வேட்டைக்குப் போறவள். ஒருநாள், சும்மா வந்து பாரன் எண்டு தன்ர சூட்டுக் கிளப்புக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். சின்னத் துவக்கு ஒண்டைக் கையில தந்து, தூரத்தில நிக்கிற கடதாசியைச் சுடச் சொன்னாள். சுட்டன். நடுவில ஓட்டை. எனக்குச் சிரிப்பை அடக்க ஏலாமப் போச்சு. உந்தச் சத்தத்துக்கு ஊரில சண்டைக்காலத்தில நான் எத்தினை தரம் குப்புறப் படுத்திருப்பன்! இப்பதான் முதல் தரம் சத்தத்துக்குப் பின்பக்கம் நிக்கிறன். அது எனக்கு நல்லாப் பிடிச்சுப் போச்சு, வெக்கப்படாமலே சொல்லுறன்.

வகுப்புக்குப் போனன், சோதினை எழுதினன், பாஸ் பண்ணினன். லைசென்ஸ் படிவத்தில கூட இருக்கிற மனுசனோ மனுசியோ கையெழுத்து வைக்கவும் ஒரு இடம் விட்டிருந்தாங்கள். இவர், எண்டால் என்ர மனுசன், பேனையைப் பிடிச்சபடி அரை மணித்தியாலம் இருந்தார். எனக்கு ஏதும் ஆகிப்போயிடும் எண்ட பயமாக்கும் எண்டு நினைச்சு நான் கொஞ்சம் குளிர்ந்துபோனன். அவர் பயந்தது தன்ர அக்காவை நினைச்சு.

இவற்ர அக்கா, எனக்கு மச்சாள், பிக்கரிங்கில தனிய இருக்கிறா. அவவின்ர மனுசனை ஊரில வீட்டு வாசல் படலையடியில வைச்சுச் சுட்டவங்கள், அவ பாத்துக்கொண்டு நிக்க. ஒரேயொரு வெடி. ஆர் சுட்டது எண்டு இண்டைவரைக்கும் தெரியாது. அதுக்குப் பிறகு அவவுக்கு முன்னால துவக்கு எண்ட சொல்லை எங்கட குடும்பத்தில ஒருத்தரும் வாயில எடுக்கிறேல்லை. அவ வந்திருக்கேக்க ரீவிப் படத்தில ஒருத்தன் இடுப்பில கை வைச்சாலே இவர் ரிமோட்டைத் தேடி ஓடுவார். தாய் மாதிரி இவரைத் தூக்கி வளத்தது அவதான். கடைசியா இவர் கையெழுத்து வைச்சார், ஆனால் தலை போனாலும் அக்காவுக்குத் தெரியக்கூடாது எண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் வைச்சார்.

நான் வாங்கினது மான் வேட்டைக்கெண்டு செய்த செமி-ஓட்டோமற்றிக். ஒருக்கா விசையை இழுத்தால் ஒரு வெடி, அடுத்த ரவை தானாவே ஏறி நிக்கும். இந்த இனத்தில கனக்கத் துவக்கை அரசாங்கம் தடை செய்துபோட்டுது, இது தப்பி நிக்கிற ஒண்டு. ரவை ஏத்திற வேலைக்கு வெடியின்ர பலத்தில கொஞ்சம் செலவாகிறபடியால் இது மற்றதுகள் போலத் தோளில உதைக்காது எண்டு கடைக்காரன் சொன்னான். சொன்னது பொய்யில்லை. ஆனால் துவக்கு பாரமில்லாதது, ரவை பெரிசு, ஆசை அதையும்விடப் பெரிசு. முதல் சனிக்கிழமையே நாப்பது வெடி வைச்சன். ஞாயிற்றுக்கிழமை விடியக் கண்ணாடியில பாத்தால் வலது தோளில, கழுத்தெலும்புக்குக் கீழ, கத்தரிக்காய் நிறத்தில உள்ளங்கை அளவுக்குக் கண்டல்.

அண்டைக்குத்தான் தெரிஞ்ச ஆக்களின்ர பிள்ளை பெரியபிள்ளையான சாமத்தியவீடு. சேலைத் தலைப்பு இடது தோளில. துவக்கு உதைச்சது வலது தோளில. பவுடரை அப்பிக்கொண்டு போனன். மண்டபத்தில கூட்டமும் வேர்வையுமாச் சேந்து, சாப்பாட்டு நேரத்துக்கிடையில பவுடர் வழிஞ்சு போச்சு.

எங்கட ஆக்களின்ர எந்த விசேசத்துக்கும் முதல் ஆளா வந்து கடைசி ஆளாப் போற அன்ரி ஒராள் இருக்கிறா. அவவின்ர கண்ணில தப்பி ஒருத்தரும் புட்டுக்கூடத் தின்னேலாது. அவ என்னைத் தூணடிக்கு இழுத்துக்கொண்டு போய், உது என்ன பிள்ளை எண்டு மெல்லமாக் கேட்டா. உண்மையைச் சொன்னால் அண்டு பின்னேரமே அது பிக்கரிங்குக்குப் போயிடும். வாயில வந்ததைச் சொன்னன்: குளியலறையில வழுக்கி விழுந்திட்டன் அன்ரி.

ஐயோ, என்ர மடத்தனமே! உலகத்தில அடி வாங்கிற பொம்பிளையள் எல்லாம் சொல்லுற பொய் அது. பிள்ளையின்ர பந்து பட்டது, கார்க் கதவு இடிச்சது, எத்தினை பொய் கிடந்தது. நான் தேடிப்பிடிச்சு அதைச் சொன்னன். அன்ரி என்ர கன்னத்தைத் தடவினா. பிறகு தலையைத் திருப்பி, பால் ரொபி திண்டுகொண்டு நிண்ட இவரை ஒரு பார்வை பாத்தா. இவர் பாவம், வாயில இனிப்போட அவவுக்குச் சிரிச்சுத் தலையாட்டினார்.

செவ்வாய்க்கிழமை மண்டபத்துப் படங்கள் வட்ஸ்அப்பில வந்திது. சாமத்தியப்பட்ட பிள்ளையை ஒருத்தரும் பாக்கேல்லை, எல்லாரும் என்ர தோளைத்தான் பெரிசாக்கிப் பாத்திச்சினம். அந்தக் கிழமை தமிழ்க்கடையில இவரைக் கண்டவுடன ரெண்டு பொம்பிளையள் வண்டிலைத் திருப்பிக்கொண்டு மற்றப் பக்கத்தால போச்சினம். இவர் வீட்டை வந்து, என்னில ஏதும் மணக்குதோ எண்டு போட்டிருந்த சேட்டை மணந்து பாத்தார். நான் விசயத்தைச் சொன்னன். கதிரையில இருந்திட்டார். தன்ர வாழ்நாளில ஒரு நுளம்பைக்கூட ரெண்டு தரம் யோசிச்சு அடிக்கிற மனுசன்.

அடுத்த சனிக்கிழமை அன்ரியும் அவவின்ர மனுசனும் கேக்கோட வீட்டுக்கு வந்திச்சினம். அங்கிள் இவரை முன் அறையில இருத்தி வைச்சு, கோவம் வந்தால் தண்ணி குடிக்கவேணும், ஒண்டிலயிருந்து இருபது மட்டும் எண்ணவேணும், வெளிய இறங்கி ஒருக்கா நடந்திட்டு வரவேணும் எண்டு ஒரு மணித்தியாலம் புத்திமதி சொன்னார். இவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு ஓம் அங்கிள், ஓம் அங்கிள் எண்டு கேட்டுக்கொண்டிருந்தார். மறுத்தால் கண்டலுக்கு வேற காரணம் சொல்லவேணுமே. எனக்குக் குசினிக்குள்ள சிரிப்பும் வந்திது, அழுகையும் வந்திது.

அந்த நேரம் அன்ரி என்ர கையைப் பிடிச்சு, பொறுத்துப் போ பிள்ளை, ஆம்பிளையள் எண்டால் அப்பிடித்தான், கலியாணம் கட்டுற வயசில உனக்குப் பிள்ளையள் எண்டா. எனக்குச் சிரிப்பு அதோட நிண்டு போச்சு. இவர் உண்மையா எனக்கு அடிச்சிருந்தால் இந்தக் கேக்கும் இந்தக் கதையும்தானே எனக்குக் கிடைச்சிருக்கும்? தேத்தண்ணியைச் சீனி போடாமலே குடுத்தனுப்பினன்.

அவை போனாப்பிறகு கதவைச் சாத்திப்போட்டு யோசிச்சன். ஒண்டில் துவக்கை விக்கவேணும், இல்லாட்டிக் கண்டல் வராமல் சுடவேணும். விக்கிறதைப் பற்றி நான் ஒரு நிமிசம்கூட யோசிக்கேல்லை. அதை இவர்தான் யோசிச்சார், என்ர முகத்தைப் பாத்திட்டு வாயைத் திறக்கேல்லை. வெள்ளைக்காரியைக் கேட்டன். மசில் பிரேக் ஒண்டு பூட்டு எண்டாள்.

மசில் பிரேக் எண்டால் குழல் முனையில பூட்டுற, பக்கத்தில ஓட்டையள் போட்ட ஒரு இரும்புத் துண்டு. வெடிக்கேக்க ரவைக்குப் பின்னால சூடான காத்து பாயும். அது நேர முன்னால பாய்ஞ்சால் துவக்கு பின்னால வந்து தோளில இடிக்கும். பிரேக் அந்தக் காத்தைப் பக்கத்தால திருப்பிவிடும். ஓட்டையள் பின்பக்கம் சரிஞ்சிருந்தால் துவக்கை முன்னுக்கும் இழுக்கும், உதை இன்னும் குறையும். மேல ரெண்டு சின்ன ஓட்டை இருந்தால் முனை துள்ளாது. கீழ ஓட்டை இருந்தால், படுத்துச் சுடேக்க மண்ணெல்லாம் வாயுக்குள்ள.

ரெண்டு கிழமை வேலையில பேப்பரைப் பாக்காமல் பிரேக்கைப் பாத்தன். என்ர குழல் முனையில பிரேக்கைத் திருகிப் பூட்டப் புரி இருந்தது நல்லதாப் போச்சு. எட்டில ஐஞ்சு அங்குலம், அங்குலத்துக்கு இருபத்துநாலு புரி. பிரேக்கின்ர புரியும் அதேதான் இருக்கவேணும், நடு ஓட்டை என்ர ரவைக்குப் பொருந்தவேணும். ஓட்டை சின்னனாப் போனால் ரவை இரும்பில இடிச்சுத் துவக்கும் போம், பக்கத்தில நிக்கிறவனும் போவான். கடைக்காரன் என்னட்டை முதல் கேட்டது புரியைப் பற்றியில்லை. நீ சுடேக்க உனக்குப் பக்கத்தில ஆரும் நிக்கிறவையோ எண்டு கேட்டான். உது என்ன கேள்வி எண்டு எனக்கு அப்ப விளங்கேல்லை.

எங்கட சனத்துக்கு ஒரு பழக்கம் இருக்கு. நூறு பேரிட்டை விசாரிப்பம், எல்லாத்தையும் வாசிப்பம், கடைசியா இருக்கிறதுக்குள்ள பெரிசை வாங்குவம். எங்கட வீட்டில ரெண்டு பேருக்குச் சோறு காய்ச்சிறது பதினைஞ்சு பேருக்குக் காய்ச்சிற ரைஸ் குக்கரில. பிரேக்கையும் அப்பிடியே வாங்கினன். மூண்டு அறை வைச்சது, ஓட்டையள் எல்லாம் பின்பக்கம் சரிஞ்சது, பெருவிரலைவிடத் தடிப்பு. உதை குறைக்கிறதில இதுக்கு மேல ஒண்டும் இல்லை எண்டு பெட்டியில போட்டிருந்தது.

போட்டிருந்தது சத்தியமா உண்மை. கிளப்பில பூட்டிச் சுடேக்க, தோளில ஆரோ தட்டிக் கூப்பிட்ட மாதிரி இருந்திது, அவ்வளவுதான். சந்தோசத்தில அடுத்த வெடியையும் வைச்சிட்டுத் திரும்பிப் பாத்தால், பக்கத்து மேசையில இருந்த கிழவன் தொப்பியைத் தேடிக்கொண்டு நிக்கிறான். அவன்ர கோப்பி அவன்ர மடியில. மேல தகரக் கூரை வேற, சத்தம் போக இடமில்லாமல் எல்லாம் எங்களுக்கே திரும்பி வந்திது. கிளப்புக்குப் பொறுப்பான மனுசன் வந்து, மரியாதையாத்தான் சொன்னான், உதைப் பூட்டுறதெண்டால் நீ கடைசி மேசைக்குப் போ எண்டு. கடைக்காரன்ர கேள்வி அப்பதான் எனக்கு விளங்கிச்சு.

நான் செய்த அடுத்த மடத்தனம், காதுக்குள்ள பஞ்சை மட்டும் வைச்சுக்கொண்டு மிச்ச ரவையளையும் சுட்டு முடிச்சது. வீட்டை வரேக்க ரெண்டு காதும் கும்மெண்டு அடைச்சுப் போச்சு. அந்தப் பின்னேரம் அன்ரி போன் எடுத்தா, என்ர சுகம் விசாரிக்க. நான் போனை ஸ்பீக்கரில போட்டுக் காதில வைச்சுக்கொண்டு ஓம் ஓம் எண்டு நிக்கிறன். அடுப்பில பால் பொங்குது. இவர் மேலயிருந்து ரெண்டு தரம் கூப்பிட்டிருக்கிறார், எனக்குக் கேக்கேல்லை. கடைசியாப் படியால இறங்கி வந்து தொண்டை கிழியக் கத்தினார், கேக்கேல்லையோ உனக்கு, எத்தினை தரம் கத்துறது எண்டு. அது அப்பிடியே போனால அன்ரியின்ர காதில விழுந்திது. பிறகு, கவனம் பிள்ளை எண்டு மட்டும் சொல்லிப்போட்டு வைச்சிட்டா.

அண்டைக்கே அவ பிக்கரிங்குக்குப் போன் போட்டிருக்கிறா.

எப்பிடித் தெரியும் எண்டால், இவர் ஒவ்வொரு நாளும் வேலையால வந்து ஆறு மணிக்கு அக்காவோட கதைக்கிறவர். என்ன கறி, கால் நோ எப்பிடி, அவ்வளவுதான் கதை, ஆனால் ஒருநாளும் தவறாது. அடுத்த நாள் மச்சாள் போனை எடுக்கேல்லை. அதுக்கு அடுத்த நாளும் எடுக்கேல்லை. ஞாயிற்றுக்கிழமை இவர் மீன் வாங்கிக்கொண்டு பிக்கரிங்குக்குப் போனார். மச்சாள் யன்னல் திரையை விலத்திப் பாத்திட்டு மூடிப்போட்டா. இவர் மீனோட திரும்பி வந்தார். நான் அதைச் சமைக்கேல்லை, சமைச்சிருந்தாலும் ஆர் தின்னுறது?

எனக்குப் பொறுக்கேல்லை. நான் போய் உண்மையைச் சொல்லுறன் எண்டன். இவர் சத்தியத்தை ஞாபகப்படுத்தினார்.

"அக்கா என்னைக் கெட்டவன் எண்டு நினைச்சால் நினைக்கட்டும். அந்தச் சத்தம் அவவுக்குத் திரும்பக் கேக்கக்கூடாது."

முப்பது வருசம் ஒண்டா இருந்தும், இந்த மனுசனை எனக்கு இவ்வளவு பிடிக்கும் எண்டு அண்டைக்குத்தான் தெரிஞ்சுது. அதை அவருக்குச் சொல்லேல்லை, தலைக்கனம் வந்திடும்.

கண்டல் திரும்ப வராமல் பாக்கிறதுதான் என்னால ஏலுமானது. திரும்பக் கடைக்குப் போனன். இந்தமுறை பெட்டியில போட்டிருக்கிறதை வாசிக்கேல்லை, கடைக்காரன் சொல்லுறதைக் கேட்டன். ரெண்டு அறை வைச்சது, ஓட்டையள் நேரப் பக்கத்துக்குப் பாக்கிறது, மேல ரெண்டு சின்ன ஓட்டை, கீழ ஒண்டும் இல்லாதது எடுத்துத் தந்தான். முதல் வாங்கினதில பாதியளவுதான் உதையைக் குறைக்கும் எண்டான். உனக்குப் பாதி காணும், பக்கத்தில இருக்கிறவனுக்கும் காது இருக்கு எண்டான். துவக்கை எலும்பில வைக்காமல் தோள் குழியில வைக்கவும் காட்டித் தந்தான். காதுக்குள்ள பஞ்சு, அதுக்கு மேல கவசம். கோப்பிக் கிழவனுக்குப் பக்கத்திலயே இருந்து இருபது வெடி வைச்சன். தொப்பி தலையிலயே இருந்தது. விடியப் பாத்தால் தோள் சும்மா தோள் மாதிரி இருந்தது.

அதுக்குப் பிறகு வந்த கலியாணவீட்டுக்கு வேணுமெண்டே அதே சட்டையைப் போட்டுக்கொண்டு போனன். அன்ரி கண்ணாடியைப் போட்டு என்ர தோளைப் பாத்தா, மற்றத் தோளையும் பாத்தா. பிறகு பெருமையா, பாத்தியா பிள்ளை, அங்கிள் சொன்னது வேலை செய்திருக்கு எண்டா. இப்ப அங்கிளிட்டைப் புத்திமதி கேக்க வேற சோடியளும் போகினமாம். உதுக்கெல்லாம் காரணம் ஒரு இரும்புத் துண்டு எண்டு தெரிஞ்சால் அந்த மனுசன் என்ன பாடுபடும்!

ஊருக்கு இவர் திருந்தின மனுசன் ஆகிட்டார். ஆறு மணிப் போனை மட்டும் ஒருத்தரும் எடுக்கேல்லை. மூண்டு கிழமை. இவர் சாப்பாட்டைக் குறைச்சுப்போட்டார். போனை மேசையில மல்லாத்தி வைச்சுப் பாத்துக்கொண்டே இருப்பார்.

ஒரு சனிக்கிழமை காலமை இவர் வேலைக்குப் போனாப்பிறகு கதவில மணி அடிச்சுது. திறந்தால் மச்சாள். முழங்கால் ஏலாத மனுசி, பிக்கரிங்கிலயிருந்து ரெயினும் பஸ்ஸும் மாறி வந்திருக்கிறா. உள்ளுக்கு வந்து இருக்கக்கூட இல்லை.

"உடுப்பை எடு. பின் அறையை உனக்கு ஒதுக்கிப்போட்டன். அவன் நான் தூக்கி வளத்த பிள்ளைதான். எண்டாலும் அடிக்கிறவனோட நீ இருக்கவேண்டாம், என்னோட வந்து இரு."

இத்தினை கிழமையில எத்தினை பேர் வந்திச்சினம், எத்தினை பேர் பொறுத்துப் போகச் சொல்லிச்சினம். வா எண்டு சொன்னது இந்த ஒரு மனுசி, அதுவும் இவற்ர சொந்த அக்கா. எனக்கு அழுகை வந்திட்டுது. நான் அழுதது அவவுக்கு இன்னும் வலுவான சாட்சியாப் போச்சு, படியேறி என்ர உடுப்பை அடுக்க வெளிக்கிட்டா. மறிச்சன். சத்தியமாவது மண்ணாங்கட்டியாவது.

வெள்ளைக்காரிக்குக் குடுக்க எண்டு அந்த முதல் வாங்கின பெரிய பிரேக்கைக் கைப்பைக்குள்ள வைச்சிருந்தன். எடுத்து மேசையில வைச்சன். மச்சாள் அதைத் தூக்கி ஓட்டையளுக்குள்ளால பாத்தா. இது என்னடி எண்டா. துவக்கு முனையில பூட்டுறது மச்சாள் எண்டன். அவவுக்கு முன்னால நான் அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல் தரம். ஆற்ற துவக்கு எண்டு கேட்டா. என்ர எண்டன். பிறகு எல்லாத்தையும் சொன்னன். கடதாசியை, கண்டலை, குளியலறைப் பொய்யை, பால் பொங்கினதை, இவர் என்னட்டை வாங்கின சத்தியத்தை. அவ கதிரையில இருந்து கேட்டா. என்ர தோளில சட்டையை விலத்திப் பாத்து, கண்டல் கிடந்த இடத்தைப் பெருவிரலால அமத்திப் பாத்தா. பிறகு கேட்டா:

"அண்டைக்கு எங்கட படலையடியில நிண்டவனுக்கும் தோள் இப்பிடிக் கண்டியிருக்குமோ?"

அதுக்கு மறுமொழி எனக்குத் தெரியும். தெரியாது எண்டு சொல்லியிருக்கலாம். ஒரு பொய்யால இத்தினை கிழமையா நடந்தது எல்லாம் கண்ணுக்கு முன்னால கிடந்தது.

"ஒரு வெடிக்குக் கண்டாது, மச்சாள்."

அவ தலையை ஆட்டினா. நானும் அப்பிடித்தான் நினைச்சன் எண்டா. தேத்தண்ணி கேட்டா. போட்டுக் குடுத்தன், குடிச்சா. பிறகு போனை எடுத்து இவருக்கு அடிச்சா. இவர் முதல் மணி முடிய முந்தி எடுத்தது எனக்கே கேட்டுது. கால் மணித்தியாலம் வாங்கு வாங்கெண்டு வாங்கினா. உனக்கு வாயில்லையோ, கண்டவனும் உன்னைக் கண்டபடி பேச விட்டிட்டு இருந்தியோ, நான் என்ன கண்ணாடிச் சாமானோ எண்டு. அந்தப் பக்கத்தில இவர் அழுகிறது கேட்டுது. கடைசியா, பின்னேரம் மீனை வாங்கிக்கொண்டு வா எண்டு சொல்லிப்போட்டு வைச்சா. எனக்குச் சொன்னா, சுடுறது உன்ர விருப்பம், ஆனால் அந்தச் சாமான் இருக்கிற வீட்டில தான் இரவு தங்கமாட்டன் எண்டு. சரி எண்டன்.

வெளிக்கிடேக்க ஒரு புதுத் திறப்பை எடுத்து என்ர கையில வைச்சா. அவவின்ர முன் கதவுப் பூட்டுக்கான திறப்பு, எனக்கெண்டு வெட்டிக்கொண்டு வந்தது. இது இனி என்னத்துக்கு மச்சாள், அவர்தான் அடிக்கேல்லையே எண்டு திருப்பி நீட்டினன்.

"இண்டைவரைக்கும் அடிக்கேல்லை. வைச்சிரு. அறை அப்பிடியே கிடக்கும்."

பின்னேரம் இவர் மீனோட பிக்கரிங்குக்குப் போய், வயிறு முட்டத் திண்டிட்டு, பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார். அக்கா போகேக்க வேற ஏதும் சொன்னவவோ எண்டு என்னட்டைக் கேட்டார். திறப்புக் கிடந்த கைப்பையை மூடிப்போட்டு, ஒண்டும் சொல்லேல்லை எண்டன்.